செம்பியத்து டிராக்டரும் பொன்னேரி ஓட்டு வீடும்: ஆறரை வருட அனுபவம்

1996 மாடல் மாஸ்ஸி 1035 டிராக்டர் ஒன்று. நாட்டு ஓடு வேய்ந்த பழைய வீடு ஒன்று. இரண்டே முக்கால் ஏக்கர் நிலம். பொன்னேரியிலிருந்து பழவேற்காடு போகும் சாலையில் பாதி தூரம் போய் உள்ளே திரும்பினால் எங்கள் ஊர். நிலத்தை 2017-ல் வாங்கினோம். 2018 ஆடியில் டிராக்டர் வந்தது, வீட்டு வேலையும் அந்த வருடமே தொடங்கியது.

இந்தப் பொங்கலுக்கு வந்திருந்த சித்தப்பா மகன், மீஞ்சூர் தாண்டி ஒன்றரை ஏக்கர் பார்த்து வைத்திருப்பதாகச் சொன்னான். அதிலும் ஒரு பழைய வீடு இருக்கிறதாம். இடிக்கலாமா, வைத்துக்கொள்ளலாமா, உன்னை மாதிரி பழைய டிராக்டர் வாங்கலாமா என்று இரண்டு மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தான். நான் திருப்பிக் கேட்ட முதல் கேள்வி, "தண்ணிய டெஸ்ட் பண்ணியாடா?" டிராக்டரைப் பற்றிக் கேட்டால் இவன் என்ன தண்ணீரைப் பற்றிப் பேசுகிறான் என்று முழித்தான். 2018-ல் என்னிடம் யாராவது இப்படிக் கேட்டிருந்தால் நானும் முழித்திருப்பேன். அவனுக்குச் சொன்னதை, நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து இன்னும் கொஞ்சம் விவரமாக எழுதுகிறேன். நோட்டு என் மனைவி எழுதுவது. வண்டி ஓடிய மணிக்கணக்கு, ஊற்றிய டீசல், மாற்றிய சாமான் எல்லாம் முதல் நாளிலிருந்து அதில் இருக்கிறது.

நான் பிறந்து வளர்ந்தது வடசென்னையில் செம்பியம். 1960-ல் தொடங்கிய, மாஸ்ஸி டிராக்டர் செய்யும் டாஃபே கம்பெனியின் ஆலையும், எஞ்சின் செய்யும் சிம்சன் ஆலையும் எங்கள் பக்கம்தான். புத்தம் புதிய சிவப்பு வண்டிகள் லாரியில் ஏறிப் போவதைப் பள்ளிக்கூடம் போகிற வழியில் நின்று பார்ப்போம். அவற்றில் ஒன்று உழுது நான் பார்த்ததே இல்லை. என் வண்டி தயாரான வருடம் நான் பத்தாம் வகுப்பு. அது அந்த கேட் வழியாக வெளியே போன நாளில் நான் ரோட்டோரம் நின்றிருக்கலாம் என்று இப்போதும் சில சமயம் நினைத்துக்கொள்வேன். எல்லோரும் புது வண்டி, லோன் என்று சொன்னபோது இந்தப் பழைய வண்டியில் மனம் போய் விழுந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொரு காரணம் சாமான். மாதவரம், மூலக்கடை, செங்குன்றம், பாடியநல்லூர் என்று ஜி.என்.டி. சாலை நெடுக இந்த வண்டியைக் கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். பேரிங், ஆயில் சீல், ஹோஸ் எதுவாக இருந்தாலும் காலையில் பொன்னேரியில் எலெக்ட்ரிக் ட்ரெயின் ஏறினால், பிராட்வேயில் வாங்கிக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். பழைய வண்டி வாங்குகிறவர் விலையைப் பார்க்கும் முன் இதைப் பார்க்க வேண்டும். தெரிந்த மெக்கானிக்கும் சாமான் கடையும் கைக்கெட்டும் தூரத்தில் இல்லையென்றால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

வாங்கும்போது செங்குன்றத்திலிருந்து ஒரு பாய் கூட வந்தார். அன்றிலிருந்து இன்றுவரை அவர்தான் எங்களுக்கு மெக்கானிக். வண்டி பார்க்கப் போகும் முன்பே ஒன்று சொன்னார். "விடியக் காத்தாலே போவணும் தம்பி. நாம போறதுக்கு முன்னாடியே ஓனரு ஸ்டார்ட் பண்ணி சூடேத்தி வெச்சிருந்தா, டீ குடிச்சுட்டுத் திரும்பிடலாம்." எஞ்சின் மேல் கை வைத்துப் பார்த்தார், சில்லென்று இருந்தது. செல்ஃப் அடித்ததும் இரண்டாம் சுற்றில் பிடித்தது. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்துவிட்டு அங்கிருந்து புகை தள்ளுகிறதா என்று பார்த்தார். லேசாக வந்தது. கலப்பையைத் தூக்கி வைத்துவிட்டு எஞ்சினை அணைத்தார். பத்து நிமிடத்தில் அது எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்தால் ஹைட்ராலிக் பாதி தெரிந்துவிடும் என்றார். முன் ஆக்ஸில் பின் தேய்மானத்தைப் பார்க்கச் சக்கரத்தைப் பிடித்து ஆட்டினார். ஸ்டீயரிங்கில் ஆட்டம் இருந்தது. கடைசியாக ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எஞ்சின் நம்பரையும் சேஸிஸ் நம்பரையும் துணியால் துடைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்து ஒப்பிட்டார். ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்குப் பேசி முடித்தோம்.

மூன்று சிலிண்டர், 36 குதிரைத்திறன், முன்னே ஆறு கியர், பின்னே இரண்டு. என் வண்டியில் சிங்கிள் கிளச். கிளச்சை முழுதாக அமுக்கினால் வண்டியோடு பி.டி.ஓ.வும் (பின்னால் மாட்டும் கருவிகளைச் சுழற்றும் தண்டு) நின்றுவிடும், ஹைட்ராலிக் பம்ப்பும் நின்றுவிடும். அதனால் கிளச்சில் கால் வைத்துக்கொண்டே கலப்பையைத் தூக்க முடியாது. வரப்பு முனையில் திரும்பும்போது முதலில் தூக்கிவிட்டுப் பிறகு கிளச்சுக்குப் போக வேண்டும். இது கைக்கும் காலுக்கும் பழக எனக்கு ஒரு போகம் ஆனது.

இனி தண்ணீர்.

2019 கோடையை வடசென்னைக்காரர்கள் மறக்க மாட்டார்கள். புழல், சோழவரம், பூண்டி, செம்பரம்பாக்கம் நாலும் வறண்ட வருடம். செம்பியத்தில் என் அம்மா குடத்தோடு லாரிக்குக் காத்திருந்தபோது, இங்கே எங்கள் போர் மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருந்தது. 110 அடி போர். அதிலிருந்து எடுத்துத்தான் குளித்தோம், செடிக்கு விட்டோம், ரேடியேட்டருக்கும் ஊற்றினோம். அந்த வைகாசியில் டிரெய்லரில் மண் அடிக்கும்போது வண்டி சூடேற ஆரம்பித்தது. அரை மணி ஓட்டினால் முள் சிவப்புக்குப் போய்விடும். வாட்டர் பம்ப்பா, தெர்மோஸ்டாட்டா, ஹெட் கேஸ்கட்டா என்று பயந்துபோய் பாயை வரவழைத்தேன். அவர் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, விரலை விட்டு, உள்ளே படிந்திருந்த வெள்ளைப் பொடியைச் சுரண்டி என் உள்ளங்கையில் வைத்தார். "எந்தத் தண்ணிய ஊத்துற?" போர் தண்ணீர் என்றேன். நாக்கில் வைத்துப் பார்க்கச் சொன்னார். கரித்தது.

கோர் பாதி அடைத்திருந்தது. ஆசிட் விட்டுக் கழுவினால் பழைய கோர் தாங்காது என்று சொல்லிப் புதிதாகப் போட்டோம், 7,500 ரூபாய். அன்றிலிருந்து கூலன்ட்டும், பேட்டரிக்கு வாங்கும் டிஸ்டில்டு வாட்டரும் கலந்து மட்டும்தான் ஊற்றுகிறேன். ஆறு வருடமாக முள் நடுவிலேயே நிற்கிறது.

அந்த வெள்ளைப் பொடியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் வீட்டுச் சுவர் நினைவுக்கு வந்தது.

வீடு ஏறக்குறைய ஐம்பது வருடம் பழையது. செங்கல்லைச் சேற்றில் வைத்துக் கட்டி, மேலே சுண்ணாம்பு பூசிய சுவர். பனங்கை, ரீப்பர், நாட்டு ஓடு. முன்னால் திண்ணை. சுண்ணாம்பு அங்கங்கே உதிர்ந்திருந்ததால் முதலில் வந்த கொத்தனார், இடுப்பு உயரத்துக்குச் சிமெண்ட் பூசிவிட்டால் ஆயுசுக்கும் கவலையில்லை என்றார். நாங்களும் சரியென்றோம். போர் தண்ணீரில் கலந்து, போர் தண்ணீரிலேயே நனைத்தார்கள். பூசிய எட்டாம் மாதம் பூச்சு கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. தட்டினால் பொள்ளென்று சத்தம் கேட்டது. விரலால் நெம்பினால் தட்டு மாதிரி பெயர்ந்து வந்தது, பின்னால் செங்கல் மாவாகக் கொட்டியது. அதில் பூத்திருந்த வெள்ளையும் ரேடியேட்டரில் இருந்த வெள்ளையும் உப்புத் தண்ணீரின் வேலைதான்.

சரிசெய்ய வந்தவர் பழவேற்காட்டுப் பக்கத்து மேஸ்திரி, எழுபது வயது இருக்கும். சுவரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "செவுரு மூச்சு விடணும்பா. சிமெண்ட்டப் பூசி மூக்க அடச்சிட்டீங்க." அவர் விளக்கிய விதத்தில் எனக்குப் புரிந்தது இது. தரையில் இருக்கும் ஈரம் செங்கல் வழியாக மேலே ஏறும். ஏறும்போது உப்பையும் கூட்டிக்கொண்டு வரும். சுண்ணாம்புப் பூச்சாக இருந்தால் ஈரம் வெளியே வந்து காய்ந்துவிடும், உப்பு மேலே பூக்கும், துடைப்பத்தால் பெருக்கிவிடலாம். சிமெண்ட் ஈரத்தை வெளியே விடாது. உப்பு பூச்சுக்குப் பின்னாலேயே கட்டிபடும், வளரும், பூச்சைத் தள்ளும். இன்னும் நாள் விட்டால் செங்கல்லையும் தின்றுவிடும்.

சிமெண்ட் மொத்தத்தையும் கொத்தி எடுத்தோம். ஒரு கோடை முழுக்கச் சுவரை வெறுமனே காயவிட்டோம். மண்ணும் செங்கல்லும் தெரிகிற சுவர்களுக்கு நடுவே குடும்பம் நடத்துவது சுலபமில்லை. மாமியார் வந்து பார்த்துவிட்டு அழுதுவிட்டார். வாரத்துக்கு ஒருமுறை உப்பைத் தூரிகையால் தேய்த்து அள்ளிக் கொட்டுவோம். அடுத்த தை மாதம் கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்கிக் குழி வெட்டி நீற்றினோம். இந்தக் கடலோரத்தில் கிளிஞ்சல் சுட்டுச் சுண்ணாம்பு எடுப்பது பழைய தொழில். மேஸ்திரி அதைப் பதினைந்து நாள் தொடவே விடவில்லை. கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரை மனைவியே தயார் செய்தாள். வீடெங்கும் புளித்த வாடை. பூச்சு வேலைக்குச் சிமெண்ட்டைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு செலவு, மூன்று மடங்கு நாள். பூசி நாலரை வருடம் ஆகிறது. அடிச்சுவரில் ஐப்பசி கார்த்திகையில் ஈரம் தெரியும், மாசியில் காய்ந்துவிடும். ஒரு இடத்தில்கூடப் பெயரவில்லை.

சமையலறைக்கும் குளியலறைக்கும் மட்டும் பின்பக்கம் புதிதாகக் கான்கிரீட் போட்டோம். அதற்கு முன் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்தேன். போர் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 1,350 மில்லிகிராம். கம்பி போட்ட கான்கிரீட் கலக்கும் தண்ணீரில் 500-க்கு மேல் இருக்கக்கூடாது என்கிறது ஐ.எஸ். 456 தரநிலை. கம்பி இல்லாத கான்கிரீட்டுக்கு 2,000 வரை விடலாம். 500-ஐத் தாண்டிய உப்போடு கம்பியை மூடினால், நாளடைவில் துரு வீங்கிக் கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளந்துவிடும். எண்ணூர், கத்திவாக்கம் பக்கம் கூரை பெயர்ந்து கம்பி தெரியும் வீடுகளை ட்ரெயினில் போகும்போதே பார்க்கலாம். லாரித் தண்ணீர் வாங்கிக் கலந்தோம். முதல் லாரியில் வந்ததே உப்பாக இருந்தது. நல்ல தண்ணீர் என்று சத்தியம் செய்தவர்கள்தான். அதன் பிறகு ஒவ்வொரு லோடையும், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பைக் காட்டும் சின்ன டி.டி.எஸ். மீட்டரில் பார்த்த பிறகுதான் தொட்டியில் இறக்கினேன். அந்த மீட்டர் சில நூறு ரூபாய்தான். இந்தப் பக்கம் குடிவருகிறவர் கையில் முதலில் அதுதான் இருக்க வேண்டும்.

கூரைக்கு வருகிறேன். பனங்கை இரும்பு மாதிரி நின்றது, ஓட்டைத் தாங்கும் ரீப்பர் சட்டம் முழுக்கக் கறையான். ரீப்பரை மாற்றி, ஓட்டை இறக்கிக் கழுவி ஏற்றினோம். உடைந்ததற்குப் பதில், சுற்று ஊர்களில் இடிக்கும் வீடுகளிலிருந்து ஓடு வாங்கி டிரெய்லரில் ஏற்றி வந்தோம். வருடா வருடம் புரட்டாசியில் ஓடு மாற்ற ஆள் விட வேண்டும். அதைச் சோம்பினால் ஐப்பசியில் பாத்திரம் வைக்க வேண்டியிருக்கும். வெயில் காலத்தில் ஃபேன் இல்லாமல் மத்தியானம் தூங்க முடிகிற வீடு இது. அதற்காக அந்த வேலையைச் செய்யலாம்.

இந்த உப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் கதை பழையது. ஆரணியாறு, கொசஸ்தலையாறு இரண்டுக்கும் நடுவில் இருக்கும் மணற்பாங்கான பூமிக்கு அடியில் நல்ல தண்ணீர் ஏராளம் இருந்தது. 1960-களிலிருந்து மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பக்கம் குழாய்க் கிணறுகள் போட்டுச் சென்னைக்கும் தொழிற்சாலைகளுக்கும் எடுத்தார்கள். விவசாயமும் போட்டி போட்டு எடுத்தது. மேலிருந்து அமுக்கிக்கொண்டிருந்த நல்ல தண்ணீர் குறையக் குறைய, கடல் கீழ்வழியாக உள்ளே நுழைந்தது. மீஞ்சூரில் கடல்நீர் ஏறியதை அந்தப் பத்தாண்டின் கடைசியிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். பிறகு 2010-ல் அதே மீஞ்சூர் பக்கம் காட்டுப்பள்ளியில், கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலை வந்தது, ஒரு நாளைக்கு பத்து கோடி லிட்டர். நான் குழாயைத் திறந்து குளித்த செம்பியத்துத் தண்ணீரில் இந்த ஊர்க் கிணறுகளின் பங்கும் இருந்திருக்கும் என்பது இங்கே வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

பக்கத்து நிலத்துக்காரரை ஊரே நைனா என்றுதான் கூப்பிடும், நாங்களும் அப்படித்தான். அவரிடம் புதிதாக 250 அடி போர் போடப்போகிறேன் என்று சொன்னேன். மூலையில் குப்பை கொட்டிக் கிடந்த எங்கள் பழைய கிணற்றைக் காட்டினார். "ஆழம் போவாத. மேல கீறதுதான் நம்ம தண்ணி. கீழ கீறது கடலோடது." கிணற்றைத் தூர் வாரினோம். 22 அடிதான். மழை முடிந்ததும் சோதித்தால் மின்கடத்துதிறன் (உப்பு கூடக் கூட ஏறும் அளவு, டெசிசீமன்ஸ்/மீட்டரில்) 1.4 வந்தது. அதே வாரத்தில் போர் தண்ணீர் 5.2. பாசனத்துக்கு 3-ஐத் தாண்டினாலே கடுமையான உப்பு என்று கணக்கு. போரை மூடிவிட்டோம். கிணற்றோடு பழைய இலவச மின் இணைப்பும் இருந்தது பெரிய கொடுப்பினை. பெயர் மாற்றத்துக்கு அலைந்தது தனிக்கதை, விட்டுவிடுகிறேன்.

கிணறு மட்டும் போதாது என்று தாழ்வான மூலையில் பண்ணைக்குட்டை வெட்டினோம். 25 மீட்டருக்கு 20 மீட்டர், ஒன்றரை மீட்டர் ஆழம், கரைச்சரிவு போக ஆறு லட்சம் லிட்டர் பிடிக்கும். ஒரு ஏக்கரில் ஒரு அங்குல மழை பெய்தால் ஒரு லட்சம் லிட்டர். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அவ்வளவையும் இத்தனை வருடம் வாய்க்காலில் விட்டிருக்கிறோம். குட்டை நிறைந்து நின்றால் கிணற்றிலும் உப்பு குறைகிறது, இரண்டு கோடையாக மீட்டரில் பார்த்துவிட்டேன். வெட்டிய மண்ணை மேட்டுக்கு அடித்தது முழுக்க இந்த 1035-தான். நோட்டில் அந்த ஒரு வேலைக்கே 90 மணி நேரம் எழுதியிருக்கிறது.

பயிரில் நான் தோற்றது வாழையும் அவரையும். இரண்டும் உப்பைத் தாங்காது. தேறியது தென்னை, சப்போட்டா, வரப்போரச் சவுக்கு. ஒன்றரை ஏக்கரில் சம்பா நெல். நடவுக்கு முன் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவோம்.

உழவில்தான் இந்த வண்டியின் அருமை தெரியும். சீட்டுக்குப் பக்கத்தில் இரண்டு லீவர் இருக்கும், ஒன்று கலப்பையை ஒரே உயரத்தில் நிறுத்தும் பொசிஷன், இன்னொன்று மண்ணின் இறுக்கத்துக்கு ஏற்ப ஏற்றி இறக்கும் டிராஃப்ட். முதல் வருடம் நான் பொசிஷனை மட்டும் வைத்தே உழுதேன். கெட்டி மண் வந்தால் வண்டி திணறும், இளக்கம் வந்தால் ஓடும். நைனா மகன் ஏறி உட்கார்ந்து டிராஃப்டில் போட்டு ஓட்டிக் காட்டினார். கலப்பை கெட்டி மண்ணில் சிக்கும்போது, அதை மேல்பக்கம் வண்டியோடு இணைக்கும் டாப் லிங்க் முன்பக்கம் தள்ளப்படும். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அந்த அழுத்தத்தை வாங்கி, கலப்பையைக் கொஞ்சம் தூக்கிவிடும். மண் இளகியதும் மறுபடி இறக்கிவிடும். ஹாரி பெர்குசன் என்பவர் ஏறக்குறைய நூறு வருடத்துக்கு முன் யோசித்த ஏற்பாடு. எலெக்ட்ரானிக்ஸ் ஒன்றும் கிடையாது. ஒன்பது கொழுக் கலப்பை போட்டு ஈரப்பதம் பார்த்து இறங்கினால், ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கும் கையிலேயே மண் மாறுவது தெரியும்.

சேற்றுழவில் கவனம் வேண்டும். 2020 சம்பாவுக்குக் கேஜ் வீல் (சேற்றுக்கு மாட்டும் இரும்புச் சக்கரம்) போட்டு இரண்டு நாள் அடித்தேன். மூன்றாம் நாள் லிஃப்ட் தயங்கித் தயங்கி ஏறியது. டிப்ஸ்டிக்கை உருவினால் எண்ணெய் பால் காபி நிறம். கியர் லீவர் அடியில் இருக்கும் ரப்பர் கிழிந்திருந்தது, வண்டியை இரண்டு மாதம் மழையில் நிறுத்தியிருந்தேன், தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. இந்த வண்டியில் கியர் பெட்டிக்கும் பின் ஆக்ஸிலுக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே எண்ணெய், முப்பது லிட்டருக்கு மேல். மொத்தமும் வடித்து, டீசல் விட்டுக் கழுவி, புது எண்ணெய் நிரப்பி, லிஃப்டில் தேய்ந்த சாமான்களையும் மாற்றியதில் 14,000 ரூபாய். ஐம்பது ரூபாய் ரப்பரையும் ஒரு தகரக் கொட்டகையையும் முன்பே பார்த்திருக்க வேண்டும். பழைய வண்டி வீட்டுக்கு வரும் முன் கொட்டகை தயாராக இருக்கட்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். 2016 வர்தா புயலில் விழுந்த மாமரம் ஒன்றின் அடிக்கட்டை நிலத்திலேயே இருந்தது. அதைப் பிடுங்கச் சங்கிலியை டாப் லிங்க் பிடியில் மாட்டி முதல் கியரில் இழுத்தேன். கட்டை அசையவில்லை. முன் சக்கரம் இரண்டும் தரையை விட்டு எழும்பின. வானம் தெரிந்தது. கால் தானாகக் கிளச்சுக்குப் போனதால் வண்டி தொப்பென்று கீழே விழுந்தது. கிளச்சை அமுக்க ஒரு நொடி தாமதித்திருந்தால் வண்டி பின்பக்கமாகக் கவிழ்ந்து என் மேல் விழுந்திருக்கும். பழைய வண்டிகளில் ஓட்டுபவரைக் காப்பாற்றும் இரும்பு வளைவு கிடையாது. இழுக்கிற எதையும் பின் ஆக்ஸிலுக்குக் கீழே இருக்கும் டிராபாரில் மட்டுமே கட்டுங்கள். எவ்வளவு சின்ன வேலையானாலும், எவ்வளவு அவசரமானாலும். அன்றைக்கு என் மகள் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகு மூன்று வாரம் நான் வண்டியைத் தொடவில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். மூன்றாம் தேதி இரவு தொடங்கிய மழையில் வயலும் சாலையும் ஒன்றாகிவிட்டன. இருநூறு ஓடு போனது, தார்ப்பாய் கட்டினோம். கரண்ட் ஐந்து நாள் இல்லை. முழங்கால் தண்ணீரில் பைக்கும் காரும் போக முடியாதபோது இந்த வண்டிதான் போனது. பால் கேன், பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய ஒரு நிறைமாதப் பெண், நைனாவின் சர்க்கரை மாத்திரை, எல்லாம் டிரெய்லரில் மெயின் ரோடு வரை. முதல் கியரில் மெதுவாகப் போனால் எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது. வந்த பிறகு பிரேக்கைக் காயவைத்து, எண்ணெயைப் பார்த்து, கிரீஸ் அடித்தேன். செம்பியத்திலிருந்து வந்தவர் என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்த ஊர், அந்த வாரத்துக்குப் பிறகுதான் என்னை "நம்ம டிராக்டர்காரரு" என்று சொல்ல ஆரம்பித்தது.

நோட்டுக் கணக்கு. ஆறரை வருடத்தில் 640 மணி நேரம் ஓடியிருக்கிறது. அதில் உழவு, சொந்தத்துக்கும் பக்கத்து நிலங்களுக்கும் சேர்த்து, 250 மணிதான். மீதி முழுக்க டிரெய்லர். பின் டயர் இரண்டும் 38,000, கிளச் 9,500, இரண்டு பேட்டரி 13,000, செல்ஃப் மோட்டார் 3,500, மேலே சொன்ன ரேடியேட்டர், ஹைட்ராலிக். எண்ணெய், ஃபில்டர் சேர்த்தால் பராமரிப்பு மட்டும் ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரம். டீசல், கலப்பையில் மணிக்கு மூன்றரை லிட்டர், டிரெய்லரில் இரண்டரை, கடன் வாங்கிய ரொட்டவேட்டரில் ஐந்து வரை. எங்கள் பக்கம் வாடகை வண்டி மணிக்கு 1,200 ரூபாய். இரண்டே முக்கால் ஏக்கர் உழவுக்கு மட்டும் என்றால் வாடகைதான் லாபம், அதில் சந்தேகமே இல்லை. வீட்டு வேலை, குட்டை, மண், ஓடு, எரு என்று இழுக்க வேண்டியது இருந்ததால் எங்களுக்குக் கட்டுப்படியானது. மழை பெய்த மறுநாள் வாடகை வண்டிக்கு ஊரே வரிசையில் நிற்கும்போது பதம் தவறாமல் உழ முடிவதற்கு நான் விலை போடவில்லை.

இப்போது காலையில் நீலப்புகை கொஞ்சம் வருகிறது, எண்ணெய் குறைகிறது. வருகிற கோடையில் எஞ்சினை இறக்கி ஸ்லீவ், பிஸ்டன் மாற்ற வேண்டும் என்கிறார் பாய். ஐம்பதாயிரம் ஆகுமாம். செய்வதாக முடிவெடுத்துவிட்டோம். விற்றால் ஒரு லட்சத்துக்கு மேல் இப்போதே கொடுக்க ஆள் இருக்கிறது, மனைவி ஒப்பவில்லை.

சித்தப்பா மகன் போன வாரம் போன் செய்தான். மீட்டர் வாங்கிப் பார்த்திருக்கிறான். அந்த இடத்துப் போரில் மின்கடத்துதிறன் 3.9. வேண்டாம் என்று சொல்லவா என்று கேட்டான். பழைய கிணறு ஏதாவது இருக்கிறதா, குப்பை கொட்டி மூடியிருந்தாலும் சரி, நிலம் முழுக்க நடந்து பார் என்று சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போகிறானாம். பாயும் நானும் கூடப் போகிறோம்.